பேட்டரிப் பெட்டியில் ஓர் அறை

சிங்காரத்தோப்பு சிலம்பரசனின் புல்லட்டில், பேட்டரி வைக்கும் பக்கவாட்டுப் பெட்டிக்குள் ஓர் அறை இருக்கிறது. எட்டுக்குப் பத்து இருக்கும் என்று முதலில் சொன்னார்கள். உள்ளே போய் டேப் பிடித்து அளந்தவர்கள் அதற்கு மேலேயே இருக்கும் என்கிறார்கள். ஜன்னல் கிடையாது, ஆனால் காற்று வரும். சுவரில் ஆணி அடித்தால் இறங்கும். கடலூர் முதுநகரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், நேற்று ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலைக்குப் போனது என்று சொல்கிற அதே குரலில். அறை எப்படி வந்தது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கதை விடுகிறார்கள். நடந்தது இதுதான்.

சிலம்பரசன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். ஒரு தடவை வலைக் கயிறு உள்ளங்கையை அறுத்துவிட்டது. அந்தக் கையோடு சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், அங்கே ஒரு மருந்துக் கடையில் களிம்பு வாங்க நின்றான். கடையில் வேலை பார்த்த பவானி, காது மந்தமான ஒரு பெரியவருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. பக்கத்துப் படகைக் கூப்பிடவே தொண்டை கிழியக் கத்திப் பழகிய சிலம்பரசனுக்கு, அலுங்காமல் குலுங்காமல் அவ்வளவு தூரம் போகிற குரலை நம்பவே முடியவில்லை. கை ஆறிய பிறகும் களிம்பு வாங்கப் போய்க்கொண்டே இருந்தான். அவள் வீட்டில் காலங்காலமாக விவசாயம், இவன் வீட்டில் கடல். இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் குதித்தார்கள், குதித்துக் களைத்தபின் அவர்களே பந்தல் போட்டுக் கல்யாணம் செய்து வைத்தார்கள்.

பவானி வந்து சேர்ந்த வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்தது. ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையல் மேடை. அதற்குள் மாமனார் பக்கிரி, மாமியார் தனம், கல்லூரியில் படிக்கும் நாத்தனார் தீபிகா, பக்கிரி தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்த பழைய வலைகள், தனத்தின் கருவாட்டுக் கூடைகள் எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தன. புது ஜோடிக்கு ஒரு மூலையில் சேலையைக் குறுக்கே கட்டிவிட்டார்கள். சேலைக்கு அந்தப் பக்கம் பக்கிரி புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் பாய் நகரும். வந்த அன்றைக்கே பவானி கிசுகிசுக்கத் தொடங்கிவிட்டாள். குழம்புக்கு உப்பு போதுமா என்பதைக்கூட அவன் காதோரம் வந்துதான் கேட்டாள். கோபம் வந்தால் கிசுகிசுத்தாள், சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். தனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவள் மருமகளை அதட்டிக்கூடப் பேசியதில்லை. யாரும் பவானியைப் பேசாதே என்று சொல்லவில்லை. பேச இடமில்லை, அவ்வளவுதான். எந்தக் குரலைக் கேட்டு அவன் கல்யாணம் செய்தானோ அது மட்டும் அந்த வீட்டுக்குக் குடிவரவே இல்லை. அது சிலம்பரசனுக்கு வேதனையாக இருந்தது, அவளுக்கோ தொண்டையே வலித்தது.

"ஒரு பை வைக்கக்கூட எனக்குன்னு எடம் இல்ல மாமா," என்று கார்த்திகையில் ஒருநாள் கிசுகிசுத்தாள். "தைக்குள்ள எதாச்சும் பண்ணுங்க. இல்லன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். கோவத்துல சொல்லல. முடியலன்னு சொல்றேன்."

அந்தச் சமயம் பார்த்து புல்லட்டின் பேட்டரி உயிரை விட்டது. அது பக்கிரி ஓட்டிய வண்டி. சிலம்பரசன் கடலுக்குப் போகும் நாளெல்லாம் துறைமுகத்தில் உப்புக் காற்றில் நிற்கும். அவன் கரைக்கு வரும்போது பேட்டரியில் சொட்டுக்கூட சார்ஜ் இருக்காது. அவன் வண்டியை மினி லாரியில் ஏற்றி, சிதம்பரம் தெற்கு வீதியில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் மணவாளனிடம் கொண்டுபோனான். மணவாளன் பேசப் பிடிக்கும் ஆள். "லித்தியம் போட்டுடுங்க தம்பி. மாசக்கணக்குல நின்னாலும் சார்ஜ் லேசுல எறங்காது. ஆசிட் இல்ல, தண்ணி ஊத்துற வேல இல்ல. பழசு அஞ்சு கிலோ இருக்கும், இது ஒரு கிலோ தேறாது, தூக்கிப் பாருங்க," என்று சொல்லி, முதலில் வேறு பேட்டரி கொடுத்து வண்டியை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "ஒங்க பழைய ரெகுலேட்டர் பதினஞ்சு வோல்ட்டுக்கு மேல அள்ளிக் குடுக்குது. லித்தியம் அதத் தாங்காது, பதினாலரையத் தாண்டவே கூடாது. மொதல்ல இத மாத்திடுவோம்."

மாற்றியபின் மூன்று பேட்டரிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒன்று பழைய பேட்டரியின் அளவே இருந்தது. இன்னொன்று அதில் பாதி. மூன்றாவது சோப்புப் பெட்டி அளவுதான். "நடுவுல இருக்கறதுதான் ஒங்க வண்டிக்குத் தோதா இருக்கும்," என்றார் மணவாளன். "சின்னத எடுக்காதீங்க. மார்கழிப் பனியில காலையில மக்கர் பண்ணும். கொஞ்ச நேரம் ஹெட்லைட்டப் போட்டு உசுப்பி விட்டாத்தான் எழுந்துக்கும்." சிலம்பரசன் மூன்றையும் மாற்றி மாற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தான். அவன் பார்த்தது பேட்டரியை அல்ல, பேட்டரி போக மிச்சமிருந்த இடத்தை. அந்தப் பெட்டிக்கு மூடி உண்டு, பூட்டு உண்டு, சாவி உண்டு. சோப்புப் பெட்டியை ஓரமாக வைத்துக் கட்டினால் ஒரு கைப்பை தாராளமாக உட்காரும். சின்னதையே கொடுங்கள் என்றான். ஆடாமல் இருக்க இடைவெளியில் அடைக்கச் சொல்லி மணவாளன் கொடுத்த ஸ்பாஞ்சுத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டானே தவிர அடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாவியைப் பவானியின் கையில் வைத்து, "இது ஒன்னோட எடம். வேற யாரும் கை வைக்க மாட்டாங்க," என்றான். அவள் கண் கலங்கிவிட்டது.

முதலில் கைப்பையை வைத்தாள். பிறகு சான்றிதழ்கள், சின்னக் கண்ணாடி, கல்யாண ஆல்பம், பட்டுப்புடவை. எதை வைத்தாலும் இடம் மிச்சமிருந்தது. ஒருநாள் உள்ளே நழுவிய சீப்பை எடுக்கக் கையை விட்டாள். முழங்கை போனது, தோள் போனது, தடுப்பு தட்டுப்படவில்லை. தலையை நுழைத்ததும் உடம்பு தானாக நுழைந்துவிட்டது. உள்ளே சிமெண்டுத் தரை போட்ட ஓர் அறை இருந்தது. மூலையில், சுவரில் பதித்த சுவிட்சுப் பெட்டி மாதிரி, அந்தப் பேட்டரி. பவானி வெளியே வந்து துடைப்பம் எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். சிலம்பரசன் பாயும் ஒரு பன்னிரண்டு வோல்ட் விளக்கும் கொண்டுபோனான். இருவரும் பாயை விரித்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பவானி தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

மூடியைத் தூக்கித் தனம் எட்டிப் பார்த்தாள். தோசைக் கல்லைத் தேடிக்கொண்டு வந்தவள். "அட, என்னாடா இது, இவ்ளோ எடம் இருக்குது, ஜிலுஜிலுன்னு காத்து வேற," என்று உள்ளே இறங்கி ஒரு சுற்று சுற்றி வந்தாள். சாயங்காலத்துக்குள் கருவாட்டுக் கூடைகள் வந்தன. அடுத்து பக்கிரியின் வலைகள், வலைகளுக்குக் காவலாகப் பக்கிரி. பரீட்சைக்குப் படிக்க அமைதியாக இருக்கிறது என்று தீபிகா புத்தகங்களோடு வந்தாள். கொசு இல்லை என்று தெரிந்ததும் ராத்தங்கலும் அங்கேதான். ஆட்கள் ஏற ஏற அறையும் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று கொடுத்தது, வண்டியின் எடை மட்டும் கூடவே இல்லை. பவானிக்குப் பழையபடி ஒரு மூலை ஒதுக்கி, அதே சேலையைக் குறுக்கே கட்டிக் கொடுத்தார்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லச் சிலம்பரசனுக்கு வாய் வரவில்லை. நல்ல மனுஷிதான், ஆனால் அவளிடம் போய் எப்படி வெளியே போ என்பது? பவானி ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, சாவியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, சிதம்பரம் பஸ் ஏறினாள்.

தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது அவன் கிளம்பினான். மணவாளன் சொன்னபடியே பனியில் வண்டி மக்கர் பண்ணியது; ஹெட்லைட்டைப் போட்டுக் காத்திருந்து கிளப்பினான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் என்ன பேசுவது என்றே யோசித்துக்கொண்டு போனான். பேட்டரியைப் பெரியதாக மாற்றிவிடலாமா, அறை இரண்டு பேர் மட்டும் உட்காரும் அளவுக்குச் சுருங்கிவிடுமா, அதற்குள் இருப்பவர்களை என்ன செய்வது என்றெல்லாம் கணக்குப் போட்டான். பவானியின் வீட்டுத் தெருவில் திரும்பும்போதே அந்தக் குரல் கேட்டது. வாசலில் நின்று கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். முளைக்கீரை இல்லையா, நாளைக்கு வருமா என்ற இரண்டு கேள்விகள்தான். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, "எப்ப வந்தீங்க?" என்றாள். கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, அவனைக் கண்டதும் குரல் தானாக இறங்கிவிட்டது. கல்யாணம் செய்து நாம் இவளுக்குச் செய்த காரியம் இதுதான் என்று சிலம்பரசனுக்குத் தோன்றியது.

"பவானி, நீ இங்கயே இரு," என்றான். "நான் வந்து வந்து பாத்துட்டுப் போறேன். வாசல்ல நின்னுகூடக் கேட்டுக்கறேன்."

அப்போது பேட்டரிப் பெட்டியின் மூடி திறந்து தனம் வெளியே வந்தாள். பின்னால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கிரி, அவர் பின்னால் புத்தகத்தில் விரல் வைத்தபடி தீபிகா. காலையில் யாரும் எழுந்திருக்கவே இல்லை. பெட்டியோடு சிதம்பரம் வந்துவிட்டிருந்தார்கள். வாசலுக்கு வந்த பவானியின் அப்பா, சம்பந்தி வந்திருக்கிறார் என்று பக்கிரிக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"ஏம்மா, இப்டி ஒரு கொரல வச்சிக்கிட்டா எங்கூட்ல குசுகுசுன்னு கெடந்த?" என்றாள் தனம். "பெட்டிக்குள்ள இருந்த எனக்கே கேட்டுச்சே." பவானி அவளையும் பக்கிரியையும் தீபிகாவையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தனத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கொஞ்ச நேரம் வண்டியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ வூட்டுக்கு வா. வூடு ஒனக்கும் இவனுக்கும். நாங்க இதுலயே இருந்துக்கறோம்."

"அத்த, அது எப்டி..."

"தியாகம்லாம் ஒன்னும் பண்ணல, பயப்படாத. கூடய தலையில வச்சிக்கிட்டு இந்த ரோட்ல எத்தினி வருஷம் நடந்திருக்கேன் தெரியுமா? இன்னைக்கு ஒக்காந்த எடத்துல சிதம்பரம் வந்துட்டேன். இனிமே என்ன எறங்கச் சொன்னாத்தான் சண்ட போடுவேன்."

அப்படித்தான் முடிவானது. சிலம்பரசன் கடலுக்குப் போகும் நாட்களில் இப்போது பவானிதான் வண்டியை ஓட்டுகிறாள். முதுநகரிலேயே ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறாள். லீவு நாட்களில் தனம் சொல்லும் ஊருக்கு விடுகிறாள். குறிஞ்சிப்பாடிச் சந்தையில் தனத்தின் கருவாட்டுக்கு வாடிக்கை பிடித்துவிட்டது. வாங்க வருகிறவர்கள் குனிந்து மூடியைத் தட்டுகிறார்கள். பக்கிரி பெண்ணாடம் வரை போய்க் கரும்பு வாங்கி வந்தார். தீபிகா அங்கேயே படித்துப் பாஸ் செய்தாள். மணவாளன் ஒரு தடவை உள்ளே போய்ப் பேட்டரியைச் சோதித்து, சார்ஜ் சரியாக இருக்கிறது, விளக்கை மட்டும் வீணாக எரிய விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, தனம் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் சிதம்பரத்திலிருந்து திரும்பிய அந்த நாளைச் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் வண்டி நின்றது. பவானி உள்ளே போனாள். கூடை இல்லை, வலை இல்லை, குறுக்கே சேலை இல்லை. சிலம்பரசனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "ஒங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு வாய் இல்லியா?" என்று ஆரம்பித்தாள். முதல் இரண்டு வார்த்தை பழக்கத்தில் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. மூன்றாவது வார்த்தை வீட்டை நிறைத்தது. பிறகு கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த அத்தனையும் வந்தது. ஈரத் துண்டைப் பாயில் போட்டது, அவள் பிறந்தநாளை மறந்தது, தலையை ஆட்டியே காலம் தள்ளியது என்று ஒன்று விடாமல். தெருக்கோடியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சிலம்பரசன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, மனைவி திட்டுவதைக் கேட்டான். "என்னா சிரிப்பு?" என்று அதற்கும் ஒரு கத்து கத்தினாள். வெளியே தனம், சின்னஞ்சிறுசுகள் நிம்மதியாகப் பேசட்டும் என்று, பேட்டரிப் பெட்டியின் மூடியை உள்ளிருந்தபடி சாத்திக்கொண்டாள்.