ஏழு வரை எண்ணுகிறவர்

எங்கள் வீட்டில் பாட்டு முடியாமல் யாரும் காரை விட்டு இறங்கக் கூடாது. என் கணவர் உபைத் போட்ட சட்டம் அது. மழை கொட்டினாலும் உள்ளேயே இருக்கவேண்டும். நோன்பு திறக்கும் நேரமாகிவிட்டால் பேரீச்சம்பழம் காருக்கு வரும். அவர் கேட்டவை மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டுகளும் அல்ல. புரோகிரெசிவ் ராக் என்று பெயர். ஒரே பாட்டு இருபது நிமிடம் போகும். வேகம் மாறும், தாளம் மாறும், முடிந்துவிட்டது என்று நாம் செருப்பைத் தேடும்போது மறுபடி எழும்.

முப்பது வருடம் அதைப் பற்றித்தான் எழுதினார். பத்து பாகாட் ஊரில் தன் மாமா சாதிக் பாட்சாவின் சாப்பாட்டுக் கடையில், கல்லாவில் உட்கார்ந்து கேசட் கேட்டே வளர்ந்தவர். சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையில் வெளியான ஒரு விமர்சனம் தப்பு என்று நீளமாக மறுப்பு எழுதிப் போட்டார். அடுத்ததை நீயே எழுது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அப்படித்தான் ஆரம்பம். பத்திரிகை நின்றபின் இணையத்தில் எழுதினார். எங்கெங்கோ இருக்கிற இசைக்குழுக்கள் எங்கள் செனாய் வீட்டு முகவரிக்கு சிடி தட்டு அனுப்பின. மாமா ஒரே ஒரு பாட்டை முழுதாகக் கேட்டார். "ஜும்ஆ பயானே இதவிடச் சீக்கிரம் முடிஞ்சிரும்லா" என்றார், வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தை வைத்து. அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் என் கணவர்தான்.

எதையும் காரில் கேட்ட பிறகுதான் எழுதுவார். முதல் தடவை வாய் திறக்கமாட்டார். இரண்டாம் தடவை தாளத்தை வாய்விட்டு எண்ணுவார், தமிழில். அந்த இசை நாலு எண்ணிக்கையில் அடங்காது. ஏழில் போகும், பதினொன்றில் போகும். எண்ணிப் பார்க்காமல் எழுதுவது உப்புப் பார்க்காமல் பரிமாறுவது மாதிரி என்பார், சாப்பாட்டுக் கடையில் வளர்ந்தவரல்லவா. எங்கள் மகன் ஹாரூன் சின்னப் பையனாகப் பின்சீட்டில் உட்கார்ந்து அவனும் எண்ணுவான். ஏழைத் தாண்டி எட்டு என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வான்.

அவர் எழுதியது ஆங்கிலத்தில். எழுத நினைத்தால் நான் எழுதுவது தமிழில். மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்த அவருக்கும் ஹாரூனுக்கும் தமிழ் பேச்சோடு சரி, படிக்க வராது. "என்னைத் திட்டி நீ புத்தகமே போட்டாலும் எனக்குத் தெரியாது, பஸீலா" என்று கேலி செய்வார்.

ஒரு நாள் மாலை ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு தட்டைப் போட்டுக் கேட்டபடி வெளியே போய்விட்டு வந்தார். காரைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படி ஜன்னல் அந்தப் பக்கம்தான், அவர் எண்ணுவது எனக்குக் கேட்டது. பிறகு டிரம்ஸ் எல்லாம் அடங்கி ஆர்கன் மட்டும் தனியாக வந்தது. எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஹாரூன் தொழிற்சாலை வேலை முடிந்து வந்தான். முன் இரும்புக் கேட்டைத் தள்ளித் திறந்தான், காரைத் தாண்டி உள்ளே வந்தான். வாப்பா சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார் என்று மெதுவாகச் சொன்னான். தொந்தரவு செய்யாதே, போய்க் குளித்துவிட்டு வா என்றேன்.

குளியலறையில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. டிரம்ஸ் திரும்பி வந்தது. அவர் எண்ணினார். ஒன்றிலிருந்து ஏழு வரை. மறுபடி ஏழு வரை. மூன்றாவது முறை ஐந்தில் நின்றுவிட்டது. பாட்டு மிகவும் பிடித்துப்போனால் எண்ண மறந்துவிடுவார். அப்படித்தான் என்று நினைத்து வெங்காயம் நறுக்கினேன்.

பாட்டு முடிந்தது. கார்க் கதவு திறக்கவில்லை.

மாரடைப்பு என்றார்கள். ஜனாஸா அடக்கத்துக்கு வந்த யாரோ ஒருவர், உடனே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாரூன் அதைக் கேட்டுவிட்டான். அதன்பின் அவன் முன் கேட்டைத் தொடவில்லை. பைக்கைத் தெருவிலேயே விட்டுவிட்டு, பின் சந்து வழியாகக் கொல்லைக் கதவால் வருவான், போவான். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. அவருக்காக நான் வீட்டை விட்டு வெளியே போகாமல் இத்தா இருந்த மாதங்களில் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு. கேட்கவேண்டிய ஒன்று அவனிடம் இருந்தது, கேட்கப் பயந்தான். எனக்கும் அது தெரியும்.

இத்தா முடிந்தபின் காரை விற்க முடிவு செய்தோம். பண்டார் தெங்காராவிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னார். பேட்டரி செத்திருந்தது. மெக்கானிக் மதிவாணன் வந்து வயர் போட்டுக் காரைக் கிளப்பினார். அரைமணி நேரம் இன்ஜினை நிறுத்தாதீர்கள், யாராவது உள்ளே உட்கார்ந்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆள் இல்லாததால் ஹாரூன் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

தட்டு உள்ளேயே இருந்திருக்கிறது. தானாக முதலிலிருந்து பாட ஆரம்பித்தது. அணைக்க ஹாரூன் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்று மடிக்குத் திரும்பியது. பாதியில் நிறுத்தி அவனுக்குப் பழக்கமில்லை.

டிரம்ஸ் அடங்கியது. ஆர்கன் வந்தது.

"இங்கதான், உம்மா" என்றான். "நான் கேட்டைத் தள்ளுனப்ப இதுதான் ஓடுச்சு."

நான் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப வாப்பாவுக்கு உயிர் இருந்துச்சா?"

"இல்லப்பா. இந்த எடம் வர்றதுக்கு முன்னாடியே எண்ணுறத நிப்பாட்டிட்டாரு. அடுப்படியிலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். நீ வந்தப்ப அவரு போய்ட்டாரு."

"டிரம்ஸ் திரும்பி வந்தப்புறம் எண்ணலையா?"

"எண்ணல."

அவன் என் முகத்தையே பார்த்தான். வாப்பா எண்ணாமல் விடக்கூடிய இடமல்ல அது என்று அவனுக்குத் தெரியும். நம்பினான். சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். சின்னப் பிள்ளையில் விழுந்து அடிபட்டால் சத்தமில்லாமல் அழுவானே, அப்படித் தோள் மட்டும் குலுங்கியது. நான் அவன் முதுகில் கையை வைத்திருந்தேன்.

அதற்குள் டிரம்ஸ் வந்துவிட்டது. ஹாரூன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டி எண்ண ஆரம்பித்தான், அவருடைய குரலிலேயே. ஐந்து என்று அவன் சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் ஆறு, ஏழு என்று போனான். எட்டு சொல்லவில்லை.

பாட்டு முடிந்த பிறகுதான் இறங்கினோம்.

மறுநாள் மாலை அவன் முன் கேட்டைத் தள்ளித் திறந்து வந்தான். கார் அங்கே இல்லை, பண்டார் தெங்காராக்காரர் ஓட்டிப் போய்விட்டார். நான் அடுப்படியில் நின்று அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டேன். அன்று அதைக் கேட்ட பிறகும் அவர் உயிரோடு எண்ணிக்கொண்டிருந்தார். எங்காவது இதைச் சொல்லிவிடவேண்டும் போலிருந்தது. தமிழில் எழுதி வைக்கிறேன். ஹாரூன் இதைப் படிக்கமாட்டான்.