மூலை மடித்த அட்டைகள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் மெக்கானிக்குகள் நான்கு பேர். மூத்தவருக்குக் கிரீஸ் என்று பட்டப்பெயர். எத்தனை சோப்பு போட்டாலும் அவர் நகக்கண்ணை விட்டு அது போனதில்லை. புகார் போனை எடுத்து, அட்டையில் எழுதி, நால்வருக்கும் பிரித்துக் கொடுப்பவள் அவர் மனைவி.

"ஓட்டை லிஃப்ட் எல்லாத்தையும் என் தலையிலயே கட்டுற" என்பது பன்னிரண்டு வருடமாக அவர் வீட்டில் பாடும் பாட்டு. அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

புதிதாக வந்த மேனேஜர் ஒரு வருடத்து அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார். மற்றவர்கள் கை வைத்த லிஃப்ட் நான்கு மாதம் ஓடுகிறது. கிரீஸ் கை வைத்தது இரண்டே மாதத்தில் நின்றுவிடுகிறது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

"கணக்கு பொய் சொல்லாதுண்ணே. திங்கட்கிழமையிலேர்ந்து ஸ்டோர் ரூமைப் பாத்துக்குங்க."

கிரீஸ் தன் கையைப் பார்த்தார். ஸ்பேனர் பிடித்த கையால் இனி நட்டு எண்ணிக் கொடுக்க வேண்டுமா?

அவர் மனைவிதான் எழுந்து வந்தாள். "குடை பிடிக்கிறதாலயா சார் மழை பெய்யுது? அட்டையோட மூலையைப் பாத்தீங்களா?"

பல அட்டைகளில் ஒரு மூலை மடிந்திருந்தது.

"சண்டி பண்ற பழைய லிஃப்ட்டுன்னா மடிச்சு வெப்பேன். மடிச்சதெல்லாம் இவருக்கு. நடுவுல இவரு காய்ச்சல்ல படுத்தப்போ மட்டும் மத்தவங்க போனாங்க. அதைத் தனியா எடுத்துப் பாருங்க."

மேனேஜர் நேர்மையான ஆள். தரையிலேயே உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்தார். மடித்தவற்றில் மற்றவர்கள் சரிசெய்த எதுவும் இரண்டு வாரம் தாண்டவில்லை. மடிக்காததில் கிரீஸுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணே. ஆளைப் பாத்தேன், லிஃப்ட்டோட வயசைப் பாக்காம விட்டுட்டேன். இனிமே மடிச்சதை நாலு பேருக்கும் சமமாப் பிரிச்சிடலாம்."

கிரீஸ் மனைவி பக்கம் திரும்பினார். "ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உங்களைக் கையில பிடிக்க முடியுமா?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை வருடம் தண்டனை என்று நினைத்து முணுமுணுத்ததெல்லாம் அவள் தந்த மதிப்பு என்று புரிந்ததும், மனம் நிறைந்து போனது.

போன் அடித்தது. அவள் எழுதி முடித்து மூலையை மடித்தாள். யாருக்கு என்று மேனேஜரைப் பார்த்தாள்.

அதற்குள் கிரீஸ் கையை நீட்டிவிட்டார்.

"இங்க கொடு. வேற யாராவது போனா நீ இதையே ரெண்டு தடவ எழுதணும்."