போட்டவர்தான் எடுக்கணும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காலை நான் அழுதுகொண்டிருந்தேன். கல்யாணத்தை நினைத்து அல்ல, என் ஆய்வேட்டின் மூன்றாவது இயலை நினைத்து. அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, "அழுவாதடி, கண்ணு வீங்கிப் போச்சின்னா வர்றவுங்க என்னா நெனப்பாங்க" என்று முகத்தில் இன்னொரு கை பவுடரை அப்பினாள்.

காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கூலியைப் பற்றி நான் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தேன். சிதம்பரத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போய், கொட்டைப்பால் பட்டுக் கறுத்த கைகளோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒருத்தி விடாமல் பேசி எழுதி வந்தேன். பிறகு 'தானே' புயல் வந்தது. எங்கள் வீட்டு மாடி ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போய், நான் எழுதி வைத்திருந்த தாள்களையெல்லாம் கூழாக்கிவிட்டது. அங்கே முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து, அந்தப் பெண்களில் பாதிப் பேர் பிழைப்பைத் தேடி எங்கெங்கோ போய்விட்டார்கள். நல்லவேளையாக எல்லாவற்றையும் அதற்கு முன்பே லேப்டாப்பில் ஏற்றியிருந்தேன். அதுதான் மூன்றாவது இயல். அந்த ஒரு லேப்டாப்பைத் தவிர அது வேறெங்கும் இல்லை.

லேப்டாப் செகண்ட் ஹேண்ட். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, வயரைச் செருகினால்தான் உயிர். 2012இல் கரண்ட் இருந்த லட்சணத்தை நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை நான் டைப் செய்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியாக வந்தபோது விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில், டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று ஒரே ஒரு இங்கிலீஷ் வரி மட்டும் வந்து நின்றது.

என் அக்கா சுவேதாவின் வீட்டுக்காரர் அன்பரசு மாமா, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். அந்த ஒரே தகுதியில் எங்கள் குடும்பத்தின் கம்ப்யூட்டர் நிபுணர் அவர்தான். வந்து பார்த்தார். "விண்டோஸ் பூட்ச்சி. ஃபார்மேட் பண்ணிட்டு வேற போட்டா புதுசு கணக்கா ஆயிடும்" என்றார்.

"உள்ள இருக்கறது என்னா மாமா ஆவும்?"

"அது போவும். கல்யாணம் ஆவப்போற பொண்ணு, உள்ள என்னா பெரிசா வச்சிருக்கப் போற?"

தொடாதீர்கள் என்று கத்தினேன். கத்தினால் எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. என் அப்பா உத்திராபதி தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தால் எதை வேண்டுமானாலும் நம்புவார். வாயால் சொன்னால், அதுவும் நான் சொன்னால், காற்றோடு போச்சு. "ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றாங்க. அப்பறம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். என் இயல் இரண்டு நாள் தப்பியது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடலூர்ப் பக்கம் குடிகாட்டிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை பெயர் கதிர்வேல். தரகர் அய்யனார், "கம்ப்யூட்டர்ல வேல, நாள் பூரா ஏசி ரூமு" என்று சொல்லியிருந்தார். பூ, பழம், ஒரு பெரிய ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் வந்து தாம்பாளத்தில் உட்கார்ந்தன. நான் காபித் தட்டோடு உள்ளே நுழைவதற்குள் அன்பரசு மாமா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டார். கையில் ஒரு சிடி.

"மாப்ள கம்ப்யூட்டர் லைன்தான? நல்ல நாளும் அதுவுமா அவரு கையாலயே விண்டோஸ் போட்டுக் குடுக்கட்டும்."

"அதெல்லாம் எங்க கதிருக்கு ஜுஜுபி" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் மீசையே முன்னால் வந்து நின்றது.

கதிர்வேல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தாய்மாமன் அவர் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அன்பரசு மாமா சிடியைப் போட்டு, என்டரைத் தட்டித் தட்டி அடுத்தடுத்த பக்கத்துக்குப் போனார். திரை நீலமாக மாறியது. இரண்டு வீட்டு ஆட்களும் டிவி பார்ப்பது போலச் சுற்றி நின்றார்கள். கடைசியில் ஒரு கேள்வி வந்து நின்றது. இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்று.

"அமுத்துங்க மாப்ள. பன்னண்டு மணிக்குக் கரண்ட் போயிடும்" என்றார் மாமா.

கதிர்வேலின் விரல் அந்த விசைக்கு மேலே இருந்தது. பெண் பார்க்க வந்தால் பெண் தரையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். நான் அந்த விரலைத்தான் பார்த்தேன்.

"தொடாதீங்க" என்றேன்.

அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். மாமா சிரித்தார். "பொண்ணுக்குக் கம்ப்யூட்டர்னா உசுரு."

கதிர்வேல் விரலை எடுத்துவிட்டார். திரும்பி என்னைப் பார்த்து, "உள்ள என்னாங்க இருக்குது?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தக் கேள்வியை ஒருத்தராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். சொன்னேன். முந்திரிப் பெண்களை, புயலை, தாள்கள் கூழானதை, எல்லாவற்றையும் பட்டுப்புடவையோடும் காபித் தட்டோடும் நின்றுகொண்டே சொன்னேன். காபி ஆறிப்போனது.

அவர் எழுந்து நின்றார். "எனக்கு இந்த வேல தெரியாதுங்க" என்றார் என் அப்பாவிடம். "செம்மங்குப்பம் பக்கம் கெமிக்கல் கம்பெனில கன்ட்ரோல் ரூம்ல இருக்கறேன். ஸ்கிரீனப் பாத்து வால்வு தெறக்கணும், மூடணும். கம்ப்யூட்டரு முன்னாடிதான் உக்காந்துருக்கேன், ஆனா கம்ப்யூட்டரு ரிப்பேரு எனக்கு வராது. புரியாத வால்வுல கை வைக்கக் கூடாதுன்னு எங்க பிளாண்ட்ல சட்டம்."

தாய்மாமனின் மீசை தொங்கிப் போயிற்று. அய்யனாருக்குத் திடீரென்று வெளியே போய் வெற்றிலை துப்ப வேண்டியிருந்தது.

கதிர்வேல் என்னிடம், "உங்களுக்குத் தெரியுமா, இத எப்படிச் செய்யறதுன்னு?" என்றார்.

"பாதி தெரியும். டிஸ்க்க வெளிய எடுத்து வேற கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாக்கணும். எங்க டிபார்ட்மென்ட் லேப்ல தமிழ்ச்செல்வி அக்கா அதுக்கு ஒரு பொட்டி வச்சிருக்காங்க."

"அப்ப அதான் மொதல்ல. டேங்க்கக் கழுவறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற சரக்க வேற டேங்க்குக்கு மாத்திடுவோம். அப்பறந்தான் தண்ணி."

லேப்டாப்பை அணைத்தார், வயரைப் பிடுங்கினார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு வேலை செய்தார். அவர்கள் கொண்டுவந்த ஸ்வீட் பாக்ஸின் மூடியைக் கிழித்தார். ரோஸ் நிற அட்டை. அதன் வெள்ளைப் பக்கத்தில் பேனாவால் எழுதினார்: 'தொட வேண்டாம். காரணம்: உள்ளே சரக்கு இருக்கிறது.' கீழே பெயர், போன் நம்பர், தேதி, கையெழுத்து. பூப்பொட்டலத்தைக் கட்டியிருந்த வாழைநாரை அவிழ்த்து, அட்டையில் ஓட்டை போட்டு, லேப்டாப்பைச் சுற்றிக் கட்டி முடிச்சும் போட்டார்.

"இதுக்கு டேக்குன்னு பேரு. ரிப்பேர்ல இருக்கற மெஷினுல தொங்க வுடுவோம். யாரு போட்டாங்களோ அவங்கதான் எடுக்கணும். மேனேஜரே வந்தாலும் கை வைக்க முடியாது."

கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். வேன் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா ஆரம்பித்தார். "வால்வு தெறக்கற பையன கம்ப்யூட்டருன்னு சொல்லிட்டாரே அய்யனாரு! வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லுவாரா?" சாப்பாடு முடிகிறவரை நிறுத்தவில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் அன்பரசு மாமாவும் சிடியோடு வந்தார். "அவுரு போனாப் போறாரு. நாம போட்டுடலாம்" என்று நாரில் கை வைத்தார்.

"அன்பரசு, இரு" என்றார் அப்பா. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை ஒரு தடவை முழுசாகப் படித்தார். "தேதி போட்டு, காரணம் எழுதி, கையெழுத்து போட்டுருக்கு. அந்தப் பையன் வந்து எடுக்காம நாம எடுக்கறது மொறையில்ல."

மாமா சிடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் இயல் பிழைத்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "வெள்ளிக்கெழமையிலேருந்து அதையேதாம்பா நானும் சொல்றேன். நான் சொன்னா கேக்கல, ஸ்வீட் பாக்ஸ் சொன்னா கேக்கறீங்க!"

"நீ வாயால சொன்ன" என்றார் அப்பா, அதில் என்ன தப்பு என்பது போல.

திங்கட்கிழமை லேப்டாப்பை அட்டையோடு பையில் போட்டுக்கொண்டு டிபார்ட்மென்ட் லேபுக்குப் போனேன். தமிழ்ச்செல்வி அக்கா ஸ்க்ரூ டிரைவரோடு தயாராக இருந்தாள். "இன்னாடி இது, தாயத்தா? பிச்சிப் போடு" என்றாள். வாழைநார்தானே, இழுத்தால் வந்துவிடும். எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் நான் சொன்னதை அப்படியே எழுதிக் கட்டிவிட்டுப் போன முதல் ஆள் அவர். அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

"டேக்க எடுக்கணும்" என்றேன்.

"நீங்களே எடுக்கலாமே" என்று சொல்வார் என நினைத்தேன். "ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது. வந்துடறேன்" என்றார்.

ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றார். கடலூரிலிருந்து பைக்கிலேயே வந்திருக்கிறார். வயர் செருகாமல்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, முடிச்சை அறுக்காமல் அவிழ்த்து, அட்டையை என் கையில் கொடுத்தார். அதற்குமேல் எதையும் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டு லேப் கம்ப்யூட்டரில் மாட்டினோம். லேபுக்கு யூபிஎஸ் இருந்ததால் கரண்ட் பயம் இல்லை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. காப்பி போட்டால் நடுவில் நின்று நின்று போனது. சுவேதா அக்கா கல்யாண போட்டோ வரவில்லை. டூர் போன படங்கள் பாதியில் நின்றன. மூன்றாவது இயலின் பெயர் வந்தபோது பச்சைப் பட்டை அசையவே இல்லை. தமிழ்ச்செல்வி அக்கா உதட்டைக் கடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ராசம்மாள் யாருங்க?" என்று கதிர்வேலின் குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். என் அட்டவணை திறந்திருந்தது. முதல் வரியில் ராசம்மாள், அதற்குக் கீழே மாரியம்மாள், அதற்குக் கீழே தில்லையம்மாள். ஒருத்தியும் குறையவில்லை. நான் அழுதேன். அவர் நான் முடிக்கிறவரை திரையில் இருந்த பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் ராசம்மாளைப் பற்றிச் சொன்னேன். கை எரிச்சலுக்குச் சாம்பல் பூசிக்கொண்டே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவள் அவள்.

எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் ஏற்றிய பிறகு டிஸ்க்கைத் திரும்ப லேப்டாப்பில் மாட்டி சிடியைப் போட்டோம். அதே நீலத் திரை, அதே கேள்வி. "இப்ப டேங்க்கு காலி. நீங்களே அமுத்துங்க" என்றார். அழுத்தினேன். துளிப் பயமும் இல்லை.

விண்டோஸ் ஆடி அசைந்து ஏறியது. தமிழ்ச்செல்வி அக்கா டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். அவளுக்கு டீ பிடிக்காது.

"எங்க மாமன் இன்னும் எங்கூடப் பேசல" என்றார் அவர்.

"எங்க அப்பா உங்களப் பத்திப் பேசறத இன்னும் நிறுத்தல" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சுற்றிவளைக்க என்ன இருக்கிறது?

"ஆய்வேட்டக் குடுத்துட்டுத்தான் கல்யாணம்" என்றேன்.

"சரிங்க" என்றார். யாருடைய கல்யாணம் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் அய்யனார் ஒன்றுமே நடக்காதது போல வீட்டுக்கு வந்தார். பெங்களூரில் ஒரு வரன், இந்தத் தடவை நிஜமான கம்ப்யூட்டர், பொண்ணு போட்டோ மட்டும் ஒரு காப்பி வேண்டும் என்றார். அப்பா டிவி மேல் வைத்திருந்த போட்டோ கவரை எடுக்கப் போனவர், அப்படியே நின்றார்.

கவரைச் சுற்றி வாழைநார் கட்டியிருந்தது. ஸ்வீட் பாக்ஸின் மிச்ச அட்டை அதில் தொங்கியது. 'தொட வேண்டாம். காரணம்: நான் முடிவு செய்துவிட்டேன்.' கீழே என் பெயர், தேதி, கையெழுத்து.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டினார். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்த பேச்சை விழுங்கிக்கொண்டேன். அவர் அட்டையை ஒரு தடவை படித்தார். தேதியைப் பார்த்தார். கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னாங்க அது கயிறு? அவுத்துட்டுக் குடுங்க" என்றார் அய்யனார்.

"அது முடியாதுங்க" என்றார் அப்பா. "போட்டவங்கதான் எடுக்கணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எழிலு, அந்தக் குடிகாட்டுப் பையன் நம்பரு பழைய அட்டையில இருந்துச்சே, அத வச்சிருக்கியா?"