கோதுமை மாவுத் தூண்டில்

பாத்திரக்கடை ஆவுடையப்ப பிள்ளை அன்றைக்குத் தூண்டிலைத் தொட்டிருக்கவே கூடாது. மகள் வள்ளித்தாய்க்கு வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகச் செங்கோட்டைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏற்கனவே இரண்டு வரன் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிருந்தது. சம்பந்தியாக வரப்போகிற வல்லிநாயகம் பிள்ளையோ வெங்காயம்கூடச் சேர்க்காத சைவம்.

ஆனால் கவலை ஏற ஏறத்தான் அவருக்கு ஆறு வேண்டியிருந்தது. அருவியில் குளித்துவிட்டு வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு, இலஞ்சிப் பக்கம் சிற்றாறு வளைகிற இடத்தில், ஜவுளிக்கடை யாக்கூபோடு போய் உட்கார்ந்துவிட்டார். யாக்கூப் பிடிப்பது குழம்புக்கு. பிள்ளை பிடிப்பது சும்மா; பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார். புழுவைத் தொடமாட்டார், முள்ளில் கோதுமை மாவுதான். தண்ணீரில் தக்கை ஆடாமல் கிடக்கும்வரை அவர் நெஞ்சும் ஆடாமல் கிடக்கும். அன்றைக்கு அதுவும் வாய்க்கவில்லை. சாரலில் யாராவது குடை பிடித்துக்கொண்டு கரையில் நடந்தாலே தூண்டிலைப் புல்லில் தாழ்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இந்தச் சாரல்ல உங்களை எவன் அண்ணாச்சி வந்து பாக்கான்?” என்றான் யாக்கூப்.

சொல்லி வாய் மூடவில்லை, தக்கை முங்கியது. பிள்ளையின் கை தன்னால் வெட்டி இழுத்தது. உள்ளங்கை அகலக் கெண்டை ஒன்று துள்ளிக்கொண்டு வந்து புல்லில் விழுந்தது. இலஞ்சி முருகனைக் கும்பிட ஆற்றங்கரையோடு வந்துகொண்டிருந்த வல்லிநாயகம் பிள்ளை, ஈர வேட்டியும் திருநீறுமாக அங்கேயே நின்றுவிட்டார்.

யாக்கூப் சட்டென்று தூண்டிலை ஆவுடையப்ப பிள்ளை கையிலிருந்து வாங்கினான்.

“மீனு எனக்குங்க. கம்பைக் கொஞ்சம் பிடிங்கன்னு நாந்தான் அண்ணாச்சி கையில குடுத்தேன்.”

“அதான பாத்தேன்” என்று வல்லிநாயகம் பிள்ளை சிரிக்கக்கூடச் செய்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்தச் சிரிப்பில் சந்தேகம் இருக்கிறதோ என்று ஆவுடையப்ப பிள்ளைக்குப் பதறியது. தன் சைவம் கெடவில்லை என்று காட்டிவிட வேண்டும்.

“சத்தியமா நான் திங்கமாட்டேன் அண்ணாச்சி. என்னைக்குமே பொழுதுபோக்குக்குத்தான். பிடிச்சதும் விட்டிருவேன். முள்ளுல மாவுதான் வைக்கேன், பாருங்க.”

வல்லிநாயகம் பிள்ளை குனிந்து பார்த்தார். மீனின் வாயோரம் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“இவர் திங்கதுக்குப் பிடிக்காரு, அது வயித்துப்பாடு” என்றார் மெதுவாக. “ஒரு உசுரு துடிக்கதைப் பாக்கது உங்களுக்குப் பொழுதுபோக்கா?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆவுடையப்ப பிள்ளை மீனை ஆற்றில் விட்டார். அது நீந்தாமல் ஒருக்களித்தபடி மிதந்து போனது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமென்று திரும்பினால், அதற்குள் வல்லிநாயகம் பிள்ளை வளைவைத் தாண்டிப் போயிருந்தார்.

வீட்டு வாசலிலேயே மனைவி சங்கரம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“செங்கோட்டைக்காரவுக குளிக்க வந்திருக்காகளாமே, பாத்தியளா?”

“பாத்தேன்.”

“பேசினியளா?”

கதவுக்குப் பின்னால் வள்ளித்தாய் மூச்சுக்காட்டாமல் நிற்பது தெரிந்தது.

“யாக்கூப் நல்லாத்தான் பேசினான்” என்றார் அவர். “பொறவு நானும் பேசிட்டேன்.”