சிலிப்பர் கட்டைப் பாணி

அடுப்பு பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கொழும்பில் இரவுக் காவல் வேலையை விட்டுவிட்டு வந்த பார்த்தீபன், கனடாவில் மரச்சாற்றைக் காய்ச்சி இனிப்புப் பாணி எடுப்பதைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, சாவகச்சேரியில் மனைவி ஆரணியின் வளவுக்குள் அதைக் கட்டியிருந்தான். கல் அடுக்கி, சேறு பூசி, மேலே அகலமான எவர்சில்வர் தட்டு. புகை போக ஒரு பழைய குழாய். தாச்சிச் சட்டியில் பொழுதுபடும்வரை காய்ச்சுகிற கருப்பணி என்ற பனம்பதநீர், அகலத் தட்டில் மத்தியானத்துக்குள் வற்றிவிடும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

கருப்பணியைப் பனை சீவும் செல்வரட்ணம் மண்முட்டிகளில் கொண்டுவந்து தந்தார். விறகுக்கு வளவு மூலையில் கிடந்த சிலிப்பர் கட்டைகளைப் பார்த்தீபன் பிளந்தான். ஒரு காலம் தண்டவாளத்துக்குக் கீழே கிடந்து, பிறகு சண்டைக்காலத்தில் மாமனாரின் பங்கர் குழிக்குக் கூரையான கட்டைகள். பற்றிக்கொண்டதும் நின்று எரிந்தன.

அயல் முழுக்க வந்து நின்றது. முதல் கரண்டி முன்வீட்டுத் தேவராசாவின் வாய்க்குப் போனது.

"எடேய், கனடாப் பாணி தார் மாதிரியெல்லோ கிடக்கு! றோட்டுக்கு ஊத்தலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தீபனும் நக்கிப் பார்த்தான். கசந்தது. காது சுட்டது.

"அடுப்பிலை பிழையில்லை," என்றான். "முட்டி வடிவாய்க் கழுவேல்லைப் போல."

செல்வரட்ணம் பக்கத்தில்தான் நின்றார். முட்டிகளைக் கழுவி, கருப்பணி புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு பூசுவது அவருடைய மனைவி சின்னாச்சி. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழமையே இரண்டு வீடுகள் அவரிடம் கருப்பணி வாங்குவதை நிறுத்தின.

மிஞ்சிய பாணியை ஒருநாள் ஆரணி ரொட்டிக்குத் தொட எடுத்தாள். மணந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, இது பங்கர் மணம்."

"என்ன?"

"செல் விழேக்கை உந்தக் கட்டையளுக்குக் கீழைதானே படுத்தனாங்கள். வெயில் ஏற ஏற உந்த எண்ணெய் மணம்தான் இறங்கும். அதையே எரிச்சனீங்கள்?"

உளுத்துப்போகாமல் இருக்கக் கட்டைக்கு ஏற்றிய தாரெண்ணெய். அவன் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தான். தட்டுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. புகை முழுக்கப் பாணிக்குள் போயிருந்தது.

செல்வரட்ணம் வீட்டுக்குப் போனபோது வேலியோரம் உடைந்த முட்டி ஓடுகள் குவிந்து கிடந்தன. சின்னாச்சி பனையோலைப் பிளாவில் கருப்பணி வார்த்துக்கொண்டு ஓடி வந்தாள். சுண்ணாம்பில் அவளுடைய விரல் நுனிகள் வெந்திருந்தன.

"பழசெல்லாத்தையும் அவர் உடைச்சுப்போட்டார், தம்பி. இது புது முட்டி. குடிச்சுப் பாருங்கோ."

குடித்தான். இனித்தது. கட்டையைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருந்தான்.

"இப்ப நல்லாயிருக்கு, அக்கா."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவளுடைய முகம் தெளிந்தது. அவன் பிளாவைக் கொடுத்துவிட்டு வேலிப் படலைவரை போய்விட்டான். பின்னால் செல்வரட்ணத்தின் குரல் கேட்டது.

"பாத்தியே? இவ்வளவு வருசம் நான் காப்பாத்தின பேர். உன்ரை கைதான் கெடுத்தது."

"ஓம். என்ரை பிழைதான்."

சைக்கிள் வெளியே நின்றது. ஏறிப் போயிருக்கலாம். பார்த்தீபன் திரும்பி வந்தான்.

"அண்ணை, முட்டியிலை பிழையில்லை. நான் எரிச்சது தார்க் கட்டை. அண்டைக்கு அத்தினை பேருக்கு முன்னாலை நான்..."

செல்வரட்ணம் ஓட்டுக் குவியலைப் பார்த்தார். சின்னாச்சி செல்வரட்ணத்தைப் பார்த்தாள்.

"இப்ப குடிக்கேக்கையும் உங்களுக்கு அது தெரியுமோ?" என்றாள், பார்த்தீபன் பக்கம் திரும்பாமலே.

"தெரியும், அக்கா."

பிளாவில் மிஞ்சியதை அவள் மண்ணில் ஊற்றினாள்.

"எங்களுக்குச் சொல்லி என்ன? தேவராசாட்டைப் போய்ச் சொல்லுங்கோ. ஊருக்கு அவர் சொல்லுவார்."

பார்த்தீபன் சைக்கிளைத் தேவராசா வீட்டுப் பக்கம் உருட்டிக்கொண்டு போனான்.