நீர்யானையின் பதம்

கம்பி நீர்யானையின் முதுகில் இறங்கியபோது கூடத்தில் யாரோ ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். அவள் திரும்பவில்லை. நடுவில் நிறுத்தினால் வெட்டு கோணிவிடும்.

"அண்ணி! உள்ள என்ன பண்றீங்க?" கதவைத் தள்ளிக்கொண்டு வந்த நாத்தனார், மேஜையில் இரண்டு பாதியாகக் கிடந்த மண் மிருகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அண்ணன் கடைசியா செஞ்சதாச்சே!"

"குடையலன்னா சூளையில வெடிச்சுச் சிதறிடும். கதவச் சாத்து."

அது அந்த வீட்டு ஏற்பாடு. மிருகங்களைச் செய்வது கணவர். அறுத்து, உள்ளே குடைந்து, மறுபடி ஒட்டுவது இவள். அறுக்கிற நேரம் மனிதர் வீட்டில் இருக்க மாட்டார். பார்க்கப் பொறுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விடுவார். முப்பது வருஷத்தில் இன்றுதான் போகாமல் கூடத்தில் படுத்திருந்தார்.

நேற்றுச் சாயங்காலம் செய்து முடித்தார். காலையில் எழவில்லை. கூடத்தை ஒழித்தவர்கள் நீர்யானையைத் தூக்கி வெயிலில் வைத்துவிட்டார்கள். இன்னும் அரை மணி போனால் மண் இறுகிவிடும், கரண்டி இறங்காது. அவரைக் கொண்டுபோக வண்டி வேறு மூன்று மணிக்கு வருகிறது.

"வந்தவங்க என்ன சொல்லுவாங்க அண்ணி?"

"உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? மரமாட்டம் நிக்காம அந்தக் கரண்டிய எடு. ஒரு விரல் கனம் விட்டுட்டுச் சுரண்டு."

இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சுரண்டினார்கள். என்ன மிருகம்! தொங்கிய தாடையும் கொழுத்த பிட்டமும், யாரடா நீ என்று கேட்கிற திமிரும். அவர் செய்ததிலேயே இதுதான் உசத்தி. புருஷன் செத்த அன்று இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வந்தது.

"அந்தத் தாடை அப்படியே எங்கண்ணன்தான்," என்றாள் நாத்தனார். இரண்டு பேரும் பக்கென்று சிரித்துவிட்டுக் கதவைப் பார்த்தார்கள்.

ஓரங்களைக் கீறி, மண்கூழ் தடவி, பாதிகளைச் சேர்த்து அழுத்தினார்கள். பிடித்துக்கொண்டது. வாசலில் ஹாரன் அடித்தது.

"முடிஞ்சுதா?"

"காத்துப் போக ஓட்டை போடணும்."

"எங்க?"

"வயித்துக்கு அடியில. யார் கண்ணுலயும் படாத இடமாத்தான் போடச் சொல்லுவாரு."

ஊசியை எடுத்தவள் நீர்யானையைக் கவிழ்க்கவில்லை. கொஞ்ச நேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது மூக்கில் குத்தி, ஊசி உள்ளே வெறுமையில் இறங்கும்வரை திருகினாள். இடது மூக்கிலும் குத்தினாள்.

"அண்ணி, தூக்கப் போறாங்க. வாங்க."

"இதோ."

துணியை நனைத்துப் பிழிந்து நீர்யானையைப் போர்த்தினாள். மூக்கை மட்டும் மூடவில்லை.