காறல்: பூஜ்யம்

கீரை, முட்டை, மீன், பீன்ஸ். நாற்பத்தோராவது நாளும் என் சாப்பாட்டு டப்பாவில் இவைதான் இருந்தன.

"என்னம்மா, இன்னிக்கும் தோட்டத்தையே புடுங்கிட்டு வந்துட்டியா?" என்றார் நடுக்கூண்டு அக்கா.

பிஸ்கட் தொழிற்சாலையின் ருசி பார்க்கும் அறையில் ஐந்து மரத் தடுப்புகள் உண்டு. நாங்கள் அவற்றைக் கூண்டு என்போம். அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பிஸ்கட்டை ஐந்து பேரும் தனித்தனியே தின்று, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் எழுதவேண்டும். இனிப்பு எவ்வளவு, மொறுமொறுப்பு எவ்வளவு, காறல் எவ்வளவு. எண்ணெய் பழசாகியிருந்தால் விழுங்கிய பிறகு தொண்டையைப் பிடிக்குமே, அந்தக் காறல்.

பேச வேண்டியதில்லை என்பதாலேயே எனக்கு இந்த வேலை பிடித்தது. படித்தது நுண்ணுயிரியல். வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கே அதே நாக்குக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். காறலை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடிப்பவள் நான். தரம் பார்க்கும் பிரிவுக்கு மேலாளரான சார் ஒருமுறை என் தாளைத் தூக்கிக் காட்டி, "இது மனுஷ நாக்கா, மெஷினா?" என்றார். அதை அம்மாவிடம் மூன்று தரம் சொன்னேன்.

அந்த நாக்கில்தான் வெள்ளை படர்ந்தது, தயிர் ஆடை மாதிரி. வழித்தால் கீழே சிவந்து எரிந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கேண்டிடா. கல்லூரியில் கண்ணாடித் தட்டில் நானே வளர்த்த பூஞ்சை.

கம்பெனி டாக்டரிடம் போனால் சீட்டு நேரே சாரின் மேசைக்கு வரும். நாற்காலி போய்விடும் என்று பயந்தேன். அதனால் அடுத்த தெருவில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் போனேன். ஒரு தாள் கொடுத்தாள். சர்க்கரை, மைதா, ரொட்டி, பழம், ஈஸ்ட் சேர்ந்தது எதையும் தொண்ணூறு நாளைக்குத் தொடக்கூடாது.

"ருசி பாத்துட்டுத் துப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"நாக்குல பட்டா பட்டதுதான் கண்ணு. ஒரு நாள் தப்பினாலும் மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும்."

சர்க்கரை கிடைக்காவிட்டால் பூஞ்சை பட்டினி கிடந்து சாகும். என் கண்ணாடித் தட்டுகளில் அப்படித்தான் நடந்தது. உடம்பு கண்ணாடித் தட்டு இல்லை என்று படித்தவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கூண்டுக்குள் பிஸ்கட்டை உடைத்து முகர்ந்தேன். உடையும் சத்தத்தில் மொறுமொறுப்பு தெரிந்தது. இனிப்பை வாசனையில் ஊகித்தேன். உடைத்ததைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு பிஸ்கட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வாய் கழுவ வைத்திருக்கும் தண்ணீரை மட்டும் பக்கத்துக் கூண்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கொப்பளித்தேன். என் எண்கள் மற்றவர்களுடைய எண்களோடு ஒத்துப்போயின. பரவாயில்லை, கெட்டிக்காரிதான் என்றுகூட நினைத்துக்கொண்டேன். வெள்ளை மட்டும் குறையவில்லை. இன்னும் பாதி நாள் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாற்பத்தோராவது நாள் மதியம் வந்தது கிரீம் பிஸ்கட். வெனிலா தூக்கலாக இருந்தது. அதைத் தாண்டி வேறெதுவும் மூக்குக்கு எட்டவில்லை. காறலுக்கு நேரே பூஜ்யம் போட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடைகளிலிருந்து அந்த கிரீம் பிஸ்கட் பெட்டிகள், காறுகிறது என்று திரும்பி வந்தன. நடைபாதையில் ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். சார் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஐந்து தாள்கள்.

"நடுக்கூண்டு ரெண்டு போட்டிருக்காங்க. மத்த மூணு பேரும் ஒண்ணு. நீ பூஜ்யம். சராசரி சரியா ஒண்ணு. ஒண்ணைத் தாண்டினாத்தான் நிறுத்துவோம்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"மத்தவங்க ஒண்ணு போட்டா நீ மூணு போடுறவ. என்னாச்சும்மா? வாயில ஏதாவதா?"

தலையாட்டினேன்.

"எங்க, நாக்கைக் காட்டு."

இருபத்தாறு வயதில், கதவு திறந்திருந்த அறையில், அப்பா வயது மனிதர் முன்னால் நாக்கை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அடப் பாவமே! இதோடயா தின்னுக்கிட்டு இருந்தே? எரிஞ்சிருக்குமே!"

கோபமெல்லாம் போய், முகம் இளகியிருந்தது. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும்.

"தின்னல சார்," என்றேன்.

"என்னது?"

"அம்பத்திமூணு நாளா எதையும் வாயில வைக்கல. மோந்து பாத்துட்டுத்தான் எழுதினேன்."

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். ஐந்து தாள்களையும் ஒன்றாகத் தட்டி அடுக்கினார். "முதல்ல டாக்டரைப் போய்ப் பாரு," என்றார்.

டாக்டர் நாக்கைப் பார்த்த கையோடு, "வீசிங் இருக்கா? இன்ஹேலர் இழுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"ஆறு மாசமா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"இழுத்ததும் வாயைக் கொப்பளிப்பீங்களா?"

கொப்பளித்ததில்லை. அம்மா விடமாட்டாள். மருந்து கரைந்து போய்விடும், ஒரு மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்பாள். சம்பளத்துக்காக ஒரு நாளைக்கு நாற்பது தரம் கொப்பளிக்கிறவள், கொப்பளித்தே ஆகவேண்டிய இரண்டு தரமும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மருந்து நாக்கில் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டமாம். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பட்டினியெல்லாம் வேண்டாம் என்றார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள்.

"எதனால வந்துச்சாம்?"

"சில பேருக்கு அப்படி வருமாம்மா."

"நான் அப்பவே சொன்னேன். கண்ட பிஸ்கட்டையும் நாள் முழுக்கத் தின்னா நாக்கு என்னத்துக்கு ஆகும்?"

"ஆமாம்மா."

மறுநாளிலிருந்து இன்ஹேலரைக் குளியலறைக்கு எடுத்துப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கொப்பளித்தேன்.

பதினான்கு நாளில் நாக்கு தெளிந்தது. எனக்கு மறுபடி சோதனை வையுங்கள் என்று காகிதத்தில் எழுதி எடுத்துப் போனேன். வாயால் கேட்க வராது. சார் இரண்டு தடவை படித்தார்.

"உடம்பு சரியில்லன்னா லீவு குடுத்திருப்பேன். கடைசிக் கூண்டுக்காரருக்குப் பல்வலின்னு ஒரு மாசம் குடுக்கலையா? நாக்குன்னா கெடும், சரியாகும். ஆனா இனிமே உன் தாளை எடுக்கிறப்பல்லாம், தின்னாளா மோந்தாளான்னு எனக்குத் தோணும்மா. வேற ஆள் போட்டாச்சு. நாளையிலேர்ந்து பேக்கிங்ல லேபிள் பாரு."

"சரி சார்."

எழுந்தேன். கதவு வரை போய்த் திரும்பினேன்.

"சார், ஒரே ஒரு தடவை..."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாமே எழுந்து போய் மூன்று தட்டுகளில் பிஸ்கட் கொண்டு வந்தார். "போய் உக்காரு," என்றார்.

மற்ற நான்கு கூண்டுகளும் காலியாக இருந்தன. முதல் பிஸ்கட்டைக் கடித்தேன். இத்தனை நாளுக்குப் பிறகு இனிப்பு நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொப்பளித்தேன். இரண்டாவது. கொப்பளித்தேன். மூன்றாவதை மெல்ல மென்று விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். தொண்டையின் அடியில், நூல் மாதிரி, வந்தது.

"மூணாவது சார். ஒண்ணுக்கும் கொஞ்சம் கம்மி. மத்த ரெண்டுலயும் இல்ல."

அவர் தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"சரிதான்," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் தாள் இல்லை. பேனா சட்டைப்பையிலேயே இருந்தது.